தாளுக்குள் ஒருவர்

உப்பளத்தைப் பார்த்த அந்த அடுக்குமாடியில், வெயிலை மின்சாரமாக்கும் ஜன்னல் தாளுக்குள் வீட்டுக்கு ஒருவர் போய் நிற்க வேண்டும். தாளில் இரண்டு மைகள் உண்டு. ஒன்று கொடுக்கும், மற்றது வாங்கும். தனியே விட்டால் இரண்டும் விலகி, தத்தம் இனத்தோடு திட்டுத்திட்டாகக் கூடிக்கொள்ளும், மின்சாரம் நின்றுவிடும். நடுவில் மூன்றாவதாக ஒருவர் நின்றால் கலந்தே இருக்கும். இரண்டாம் மாடியில் மாமியாரை அனுப்பியிருந்தார்கள். அங்கே ஏ.சி. ஓடியது.

ஜெனிட்டாவின் வீட்டில் அவள் கணவன் வில்ஃபிரட்தான் நின்றிருந்தான். அவன் ஒரு தப்புச் செய்தான். கொடுக்கிற மை பாவம் என்று அதன் பக்கம் சாய்ந்து நின்றான். வாங்குகிற மை கோபித்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. எட்டாம் மாதத்தில் பிறந்த மிக்கேலாவின் தொட்டிலுக்கு மேலே, அவளுக்குச் சூடு தரும் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஜெனிட்டா பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது சில்லிட்டுக்கொண்டே வந்தது.

தாள்களைப் பழுது பார்க்கும் கொர்னேலியா அக்கா வந்து வில்ஃபிரட்டை உரித்து வெளியே எடுத்தாள். வெயில் பட்ட முதுகு மட்டும் வெளுத்திருந்தது.

"பஞ்சாயத்துக்கு நிக்கச் சொன்னா, கட்சி சேர்ந்துட்டீரே."

"அது ஓயாமக் கொடுக்குது அக்கா. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்க?"

"இனி உம்மை உள்ள விட முடியாது." அக்கா தொட்டிலைப் பார்த்தாள். "இவளை விடுவோம். கைப்பிள்ளைக்குப் பக்கம் தெரியாது."

ஜெனிட்டா தொட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "தெரியும் அக்கா. பால் இருக்கிற பக்கம் தெரியும்."

கொர்னேலியா யோசித்தாள். "அதுவும் சரிதான். அப்போ நீ போறியா? நீ யார் பக்கம்?"

"பிள்ளை பக்கம்."

"உள்ள அப்படி ஒரு பக்கமே இல்லையே."

"அதனாலதான் நடுவுல நிப்பேன்."

கான்வென்டில் காலை அசெம்பிளிக்கு நின்றதுபோல் ஜெனிட்டா கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். இடமும் சாயாமல் வலமும் சாயாமல் நிற்கச் சிஸ்டர்மார் பழக்கிய உடம்பு. கொர்னேலியா ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, ஒரு சுருக்கமும் விழாமல் உள்ளே போனாள். உப்புக்காற்று நுழையாதபடி வில்ஃபிரட் விளிம்பைப் பசை வைத்து ஒட்டினான்.

உள்ளே ஒரு மை கொடுத்துக்கொண்டே இருந்தது. மற்றது மூலையிலிருந்து முறைத்தது. ஜெனிட்டா இரண்டையும் பார்க்கவில்லை. எதிரே தொட்டில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மூலையில் இருந்தது மெல்ல நகர்ந்து வந்து அவள் முழங்கையை உரசியது. விளக்கு மினுங்குவதை நிறுத்தி, நின்று எரிந்தது.

சாயங்காலம் பிள்ளை அழுதது. வில்ஃபிரட் அவளைத் தூக்கி வந்து ஜன்னலோடு சேர்த்துப் பிடித்தான். மிக்கேலா தாளைக் கவ்விக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை விளக்கு மங்கியிருந்தது. அவளுக்கு அப்போது அது தேவைப்படவில்லை.

பிறகு அவன் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினான். ஏப்பம் வந்தது. விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு, பழையபடி எரிந்தது.