சில புள்ளிகள் பிசகினால்

பேராசிரியரும் அவர் மருமகளும் ஒரே கணிதத் துறையில் வேலை செய்தார்கள். ஆனாலும் தன் கட்டுரை எதையும் அவர் அவளிடம் சரிபார்க்கக் கொடுப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே முதுகு சொறிந்துகொள்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஒன்றோடொன்று சேர்த்துச் செய்யக்கூடிய, திருப்பியும் செய்யக்கூடிய மாற்றங்களின் தொகுப்பைக் கணிதத்தில் குலம் என்பார்கள். முடிவில்லாத ஒரு குலத்தை, எண்ணி முடிக்கக்கூடிய புள்ளிகளின் இடமாற்றங்களால் ஏறக்குறைய நகலெடுக்க முடிந்தால் அது சோஃபிக் குலம். சில புள்ளிகள் பிசகலாம், பெரும்பாலானவை ஒழுங்காக நடந்தால் போதும். அப்படிப்பட்ட குலம் ஒரு வெளியின்மேல் எப்படிச் செயல்பட்டாலும், அதனால் பிறக்கும் சமான உறவும், அதாவது வெளியின் எந்தப் புள்ளி எதோடு சேரும் என்ற கணக்கும், சோஃபிக்தான் என்று நிறுவிவிட்டதாக அவர் ஊரறிய அறிவித்திருந்தார். அன்று பிற்பகல் உரை.

காலையில் காப்பியை வைத்துவிட்டு மருமகள் தயங்கினாள்.

"மாமா, குலத்துக்கு நகல் எடுத்தீங்க, சரி. அந்த வெளியோட பகுதிகளான கணங்களையும் அதே புள்ளிகள் மேல வரையணுமே? அது முடியும்னு எங்கயும் காட்டலையே."

"இத்தனை நாள் எங்க போயிருந்தே?"

"இந்தக் கட்டுரையை நேத்துதானே கண்ணுல காட்டினீங்க. அதுவும் அத்தை திட்டின பிறகு."

அவருக்குச் சுருக்கென்றது. காப்பி ஆறியது.

"சபையில வாயைத் திறக்காதே. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்."

"சரி மாமா."

உரையின் நடுவே, முன்வரிசையிலிருந்த விருந்தினர் கை தூக்கினார். "கணங்கள் அந்த நகல் மேல எப்படி வந்து உட்காருது?"

'அது எளிது' என்று மழுப்பிவிடலாம். வார்த்தை நுனி நாக்குக்கு வந்துவிட்டது. அப்போது மருமகள் கண்ணில் பட்டாள். பேனா மூடியைச் சுரண்டியபடி தலை கவிழ்ந்திருந்தாள். ஆய்வேட்டுத் தேர்வில் நாலு பேர் சேர்ந்து குடைந்தபோதும் நிமிர்ந்து நின்றவள். இந்த வீட்டுப் பெண் தன்னால் தலைகுனிவதா?

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"இதே கேள்வியை இன்னைக்குக் காலையில என் மருமக கேட்டா. என்னால அவளுக்கும் பதில் சொல்ல முடியலை, உங்களுக்கும் சொல்ல முடியலை. நிரூபணம் நிக்காது."

'எப்படிச் செயல்பட்டாலும்' என்பதை அழித்தார். அங்கே 'பெர்னூலி செயல்பாட்டில்' என்று ஒரே ஒரு தனி வகையை மட்டும் எழுதினார்.

"இது நிக்கும். ஆனா இது முன்னாடியே தெரிஞ்சதுதான்."

அரங்கம் சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார்.

வெளியே நடைபாதையில் மருமகள் மெல்லக் கேட்டாள். "என்னால மானம் போச்சா மாமா?"

"முதல்ல நிமிர்ந்து நட. எல்லாரும் பாக்கறாங்க." இரண்டடி நடந்து சேர்த்துக்கொண்டார். "அடுத்த கட்டுரையை முன்னாடியே தரேன். தப்பு இருந்தா கிழிச்சுக் கொடு."