ஒரு கொடிக்கம்பின் நீளம்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அதன் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யார் முன்னால் போவது? பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும் இந்தக் கேள்வியால்தான். பாறைவேங்கைகள் சங்கத்தில் இது பொதுக்குழுக் கூட்டத்தில், தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில், தலைவரின் இடுப்புவலியால் தீர்ந்துபோனது.

"டாக்டர் இனிமே குலுங்கவே கூடாதுன்னுட்டார்" என்றார் தலைவர். மரச்சாமான் கடை வைத்திருப்பவர். எதைச் சொன்னாலும் தேக்குக் கட்டில் விற்பதுபோல நிறுத்தி நிதானமாகச் சொல்வார். "இந்த வருஷம் நான் யார் வண்டியிலாவது தலையணை வெச்சுக்கிட்டு வரேன். முன்வண்டிய நம்ம மருந்துக்கடைக்காரர் ஓட்டட்டும். அவருதான் மூத்தவர்."

மருந்துக்கடைக்காரர் பிஸ்கட்டைத் தேநீருக்குள் தவறவிட்டார்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வருடம் முழுக்கக் கடை கண்ணியைப் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு நாள் மட்டும் ராட்சச டயர் போட்ட ஜீப் வண்டிகளில் மலையேறி, மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வருகிறவர்களின் கூட்டம். ஆனால் கொடி உண்டு, கைநீட்டி எடுக்கும் உறுதிமொழி உண்டு, வாக்கிடாக்கி உண்டு. வாக்கிடாக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒழுங்கீனம். முன்வண்டி, நடுவண்டி, வால்வண்டி என்றுதான் அழைக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் சேர்ந்த நாள் முதல் வால்வண்டி. முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு, அத்தனை பேருக்குமான மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, அத்தனை பேர் கிளப்பும் புழுதியையும் தின்றுகொண்டு வருவது அவர் பொறுப்பு. முன்னால் போகிறவருக்கு மலை தெரியும். இவருக்குத் தெரிந்ததெல்லாம் பங்காளியின் பின்பம்பர்தான். அதில் எந்த நெளிசல் எந்த வருடம் விழுந்தது என்பதுவரை சொல்லுவார்.

பங்காளி பேக்கரி வைத்திருப்பவன். சொந்தமெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பிரம்பில் அடிவாங்கிப் பங்கிட்டுக்கொண்டதில் ஒட்டிக்கொண்ட பெயர். பதிலுக்கு அவன் இவரை 'டாக்டரே' என்பான். அது கிண்டல். மருந்துக்கடைக்காரர் அதை ஒருநாளும் கிண்டலாக எடுத்துக்கொண்டதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பங்காளி அவருடைய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து டயரைக் காலால் தட்டினான்.

"டாக்டரே, முன்வண்டின்னா சும்மாவா? இந்தக் கொக்குக் கால வெச்சுக்கிட்டு முன்னால போய் நின்னா சிரிக்க மாட்டானுங்க? அகலப்படுத்தணும்டா."

அகலப்படுத்தும் சஸ்பென்ஷன் இரண்டு அளவுகளில் விற்றது. பக்கத்துக்கு இரண்டு இஞ்சு சக்கரத்தை வெளியே தள்ளுவது ஒன்று, நாலு இஞ்சு தள்ளுவது இன்னொன்று. எதையும் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுவது மருந்துக்கடைக்காரரின் தொழில்புத்தி. "முதல்ல ரெண்டு போட்டுப் பார்ப்போமே" என்றார்.

"ஜுரத்துக்கா குடுக்கற? மலையேறப் போறடா! நாலு போடு. முப்பத்தேழு சைஸ் டயர் போடு. ரிம்மும் வெளிய துருத்திக்கிட்டு நிக்கறதாப் பாத்துப் போடு. அகலமா கால் பரப்பி நின்னாதான் வண்டி கவுராது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கால் பரப்பி நிற்கும் வண்டி கவிழாதுதான்.

கடைக்குப் பின்னால், பழைய அட்டைப்பெட்டிகள் அடைந்துகிடந்த கொட்டகையைக் காலிசெய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையிலேயே பங்காளி சூடான பன்களோடு வந்துவிடுவான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைத் தாங்கும் பழைய ஆர்ம்களைக் கழற்றி, நீளமான புது ஆர்ம்களை மாட்டினார்கள். மாட்டியதும் ஓட்டிப் பார்த்துவிட முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஒவ்வொரு சக்கரத்தையும் அது போகக்கூடிய உயரம்வரை ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயர் எங்கே உரசுகிறதென்று பார்க்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவார். பங்காளி வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, "உரசுது... உரசுது... ஐயையோ, மாமியார் மருமக மாதிரி உரசுது!" என்று கத்துவான். பிறகு இருவருமாக மட்கார்டில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவார்கள். ஒருமுறை தகரம் பங்காளியின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கழுவி, மருந்து வைத்து, கட்டுப்போட்டார். "பாத்தியா, டாக்டர்னு சொன்னதுக்கு இன்னிக்குத்தான்டா அர்த்தம்" என்றான் பங்காளி. மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கியது. ஸ்பிரிட் நெடி என்று சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் புதுப் பாதை. தலைவரும் பங்காளியும் ஒரு வேலைநாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாளாகப் பார்த்துப் போனதால் மருந்துக்கடைக்காரரால் போக முடியவில்லை.

"பாதை எப்படிடா?"

"பாதை பாதை மாதிரி இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்காளி பன்னோடு ஒரு கம்பும் கொண்டுவந்தான். காட்டுக்கம்பு. இரண்டு முனையும் ரம்பத்தால் நறுக்கென்று அறுத்து, சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

"என்னடா இது?"

"கம்பு."

"அது தெரியுது. எதுக்கு?"

"நீ பாம்புக்குப் பயப்படுவல்ல, அதுக்கு."

சிரித்தார்கள். கம்பு மூலையில் நின்றது. மருந்துக்கடைக்காரர் அதில் விளக்கைத் தொங்கவிட்டார், வியர்த்த சட்டையைக் காயப்போட்டார், வண்டிக்கடியில் உருண்டோடிய நட்டுகளை அதை வைத்தே தள்ளி எடுத்தார். எல்லா வேலையும் முடிந்து வண்டி தன் புதுக்கால்களில் இறங்கிய நாளில், பங்காளி கம்பை எடுத்து முன்சக்கரங்களுக்கு எதிரே தரையில் கிடத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். டயர்கள் கம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டைவிரல் அகலம் வெளியே நின்றன.

"ஏ, கம்பையே ஜெயிச்சிட்டோம்டா!" என்று மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

"பிரமாதம்" என்றான் பங்காளி.

வண்டியை வெளியே எடுக்கும்போது ஒரு சின்னச் சங்கடம். கொட்டகை வாசலுக்குள் அது அடங்கவில்லை. நிலைச்சட்டத்தைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சத்தம் கேட்டு வந்த அவர் மனைவி, பெயர்த்த சட்டத்தையும் வண்டியையும் கணவரின் இடுப்பையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஏங்க, வீட்டுக் கதவுலயே போகாதது காட்டுல போகுமா?"

"காட்டுல கதவு இல்லம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், பாமரர்களிடம் பேசும் குரலில்.

பெரிய டயர் போட்டால் வேகமானி குறைத்துக் காட்டும். ஐம்பது என்று அது சொல்லும்போது வண்டி அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கும். பங்காளி இதை முன்கூட்டியே சொல்லியிருந்தான். இப்படிச் சின்ன விஷயத்தைக்கூட மறைக்காதவன் என்று மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கிளம்பும் நாளில் எல்லாரும் கைநீட்டி, மலையை மதிப்போம், மலைக்கு அஞ்சோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். தலைவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கியிருந்ததால் ஒரு கையைத்தான் பாதி நீட்டினார். முன்வண்டிக்குக் கொடி கட்ட வேண்டும். மருந்துக்கடைக்காரர் அந்தக் கம்பையே கொடிக்கம்பாகக் கூரைக் கம்பியில் கட்டிவைத்திருந்தார். நண்பன் கொடுத்த கம்பு. பங்காளி அதைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றான். "இதேதான்" என்றார் இவர். சாப்பாட்டுப் பைகள் பழக்கதோஷத்தில் இவர் வண்டியிலேயே ஏறிவிட்டன. யாரும் மாற்றவில்லை. அவரும் சொல்லவில்லை.

முன்னால் போவது அவர் நினைத்த மாதிரி இல்லை. ஸ்டியரிங் கனத்தது. மலை, சும்மா மலையாக இருந்தது. பார்க்கப் பழகிய பம்பர் இல்லாமல் கண் எங்கே நிலைப்பதென்று தெரியாமல் தவித்து, கண்ணாடியில் பின்னால் வரும் பங்காளியின் வண்டியைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டார். பங்காளி ஒருமுறை கையசைத்தான்.

பாதி மலையில் ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு பாறைகள். வீட்டு வாசல்போல நின்றன. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் பள்ளம், வேறு வழி கிடையாது. மருந்துக்கடைக்காரர் மெதுவாக நுழைந்தார். இரண்டு டயரும் ஒரே நேரத்தில் பாறையில் முட்டின. பின்னால் எடுத்து, ஒருக்களித்து நுழைந்தார். இடப்பக்க டயர் பாறைமேல் ஏறப்பார்த்து வழுக்கி விழுந்தது. மறுபடியும். டயர் பக்கவாட்டில் நீளமாக உரிந்ததுதான் மிச்சம்.

எல்லாரும் இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

"அடடா" என்றான் பங்காளி.

தலைவர் ஆச்சரியப்பட மறந்துவிட்டார். நினைவு வந்ததும், "அடடா, இப்படியா ஆகணும்" என்றார். "சரி, வந்த காரியம் நிக்கக் கூடாது. பங்காளி, நீ முன்னால எடு. நான் உன் வண்டியில ஏறிக்கறேன்."

பங்காளி இவர் வண்டியின் கூரைமேல் ஏறிக் கொடியை அவிழ்த்தான். கம்பிலிருந்து கொடியைமட்டும் உருவிக்கொண்டான். இறங்கும்போது ஒரு கணம் தயங்கினான். முகத்தைப் பார்க்காமல், "கம்பு உங்கிட்டயே இருக்கட்டும்டா" என்றான்.

மருந்துக்கடைக்காரர் வண்டியை ஒதுக்கி வழிவிட்டார். ஒவ்வொரு வண்டியாக உள்ளே நுழைந்து அந்தப்பக்கம் போயிற்று. போகிறவர்கள் சாவு வீட்டில் தலையசைப்பதுபோல் அசைத்துவிட்டுப் போனார்கள். புழுதி அடங்க நேரமாயிற்று. வழக்கமான புழுதிதான்.

தனியாக நின்றபோது, எவ்வளவில் தவறிப்போனோம் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கம்பை எடுத்தார். வேறு எந்த எண்ணமும் அப்போது அவருக்கு இல்லை. டயர் முட்டிய உயரத்தில், முழங்காலுக்குச் சற்றுமேல், அதைப் பாறைகளுக்கு நடுவே குறுக்கே பிடித்தார். ஒரு முனை பாறையைத் தொட்டது. மறுமுனையை உள்ளங்கையால் தட்டினார். சிவப்பு டேப் பாறையோடு போய் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தார். கம்பு விழவில்லை.

நிலைப்படிக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி அது நின்றது. பார்த்துக்கொண்டே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

ஏமாற்றுகிறவன் இவ்வளவு உழைப்பானா என்பதுதான் முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டு இஞ்சோடு விட்டிருந்தால் இந்நேரம் அந்தப்பக்கம் இருந்திருப்பார். அந்த நாலு இஞ்சுக்காக அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மல்லாந்து படுத்துக் கண்ணில் துருவை வாங்கிக்கொண்டான்! அவன் முறுக்கிய போல்ட்டில் ஒன்றுகூடத் தளரவில்லை. வேலை சுத்தம். உள்ளங்கை கிழிந்தது நிஜம், கொட்டிய ரத்தம் நிஜம். மாமியார் மருமக என்று கத்தியபோது அவன் சிரித்த சிரிப்பும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும், அப்படிச் சிரிப்பை யாராலும் செய்துகாட்ட முடியாது. பொய்யாகச் சிரித்திருந்தால் திட்டவாவது செய்யலாம். கம்பைத் தரையில் போட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது அவனுக்குத் தெரியும். இவர் கைதட்டியபோதும் தெரியும். இவர் கைதட்டினார்.

வண்டிக்குள் வாக்கிடாக்கி கரகரத்தது. "முன்வண்டி, முன்வண்டி, எங்க இருக்கீங்க?"

எழுந்து வண்டிக்குள் ஏறினார். கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது. "முன்வண்டி பேசறேன்..."

"முன்வண்டி பேசறேன், உச்சிக்கு வந்தாச்சு" என்று பங்காளியின் குரல் அதன்மேலேயே விழுந்தது. இரண்டு குரலும் கலந்து கீச்சிட்டன. யாரோ சிரிப்பை அடக்குவதுகூட வாக்கிடாக்கியில் தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவரின் குரல் வந்தது. "வால்வண்டி, வால்வண்டி. சாப்பாடு அங்கதானே இருக்கு?"

மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் அத்தனை பைகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. முதல்முறையாக அன்று அவருக்கு உற்சாகம் வந்தது. வண்டியைக் கிளப்பினார். அப்படியே திருப்பி வீட்டுக்கு விட்டால்? உச்சியில் கொடியை நட்டுவைத்துக்கொண்டு அதன் முகத்தை இவர்களும் இவர்கள் முகத்தை அதுவும் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். தலைவர் தலையணையைக் கடிக்கட்டும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினார். எங்கும் உரசவில்லை. அவ்வளவு கச்சிதமாக வெட்டியிருந்தார்கள்.

"வால்வண்டி, கேக்குதா?"

பைகளின்மேல் தனியாக ஒரு சின்ன டப்பா இருந்தது. காரம் போடாதது. பங்காளிக்கு வயிற்றில் புண். அதனால் அவனுக்கு மட்டும் தனியாகச் சமைத்து, மாறிவிடக் கூடாதென்று மூடியில் துணிக்கிழிசல் கட்டி அனுப்புவது அவர் மனைவியின் வழக்கம். மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இவர் வழக்கம். அவன் கொண்டுவர மாட்டான். ஒருமுறைகூடக் கொண்டுவந்ததில்லை. தொட்டுப் பார்த்தார். இருந்தது.

என்ஜினை அணைத்தார்.

"வால்வண்டி பேசறேன்" என்றார். "வந்துக்கிட்டிருக்கேன்."

பைகளை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, சின்ன டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பாறைகளுக்கு வந்தார். கம்பை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒரு காலைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்தார். பைகளின் கனத்தில் மற்றக் கால் உடனே வரவில்லை. கம்பின்மேல் குதிரையேறியவர்போல் கொஞ்ச நேரம் நின்று, மூச்சு வாங்கி, பிறகு தாண்டினார்.

அது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரை. அதனால் மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.