அளவுக்கு வெச்ச கை

யூனிவர்சிட்டியில, ஜியாலஜி டிபார்ட்மெண்ட்ல, வாத்தியார் வேலை ஒண்ணே ஒண்ணு காலி. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதுல ரெண்டு பேரு எங்க வீட்டு ஆளுங்க. ஒண்ணு என் பையன், இன்னொண்ணு என் மருமக. சிரிக்காதீங்க, அங்கயும் எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க.

யாருக்குக் கெடச்சாலும் சந்தோஷம்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டாங்க. பையனுக்கு ஏற்கனவே ஒரு கம்பெனியில வேலை இருக்கு. இவளுக்கு வயசு வரம்பு முடியப் போகுது, இதை விட்டா இனிமே விண்ணப்பமே போட முடியாது. ராப்பகலா அந்த ஒரு மலையைப் பத்தியே பேசிட்டிருந்தா பாவம்.

என்ன மலைன்னு கேளுங்க. ஆத்து மணலைத் தண்ணியில கலக்கி விட்டா பெரிசு அடியில தங்கும், பொடி மேல தங்கும். கல்லாப் போன மணல்லயும் அப்படித்தான் இருக்கணுமாம். ஒரு ரோட்டுக்காக வெட்டின பாறையில அது தலைகீழா இருக்கறதை இவ கண்டுபிடிச்சா. அப்போ என் பேரக்குட்டி இவ வயித்துல ஏழு மாசம். சாயங்காலம் வாசல்ல செருப்பைக் கூடக் கழட்டல, "அத்தை! அந்த மலையே குப்புறப் படுத்திருக்கு அத்தை! இதுவரைக்கும் அதுக்குப் போட்ட மேப்பு எல்லாம் தப்பு!"ன்னு கத்துறா. "மலை எப்படியோ படுக்கட்டும், நீ வந்து ஒருக்களிச்சுப் படு"ன்னேன். கூடப் போன என் பையன் ஜீப்புல தூங்கிட்டு இருந்தானாம், எழுப்பிப் படம் எடுக்கச் சொல்லியிருக்கா. பாறையைப் படம் எடுத்தா பக்கத்துல சுத்தியலோ பேனாவோ வைப்பாங்க, எவ்வளவு பெரிசுன்னு தெரியணும்ல. சுத்தியல் வண்டியில. வயித்தைத் தூக்கிக்கிட்டுப் போய் எடுக்க முடியாம தன் கையையே வெச்சுட்டா. விரலெல்லாம் வீங்கி, மோதிரம் சதைக்குள்ள புதைஞ்சு போன கை.

இன்டர்வியூ அன்னைக்கு ஒவ்வொருத்தரும் மாணவர்களுக்கு முன்னாடி ஒரு பாடம் நடத்திக் காட்டணும். நான் குட்டியை மடியில போட்டுக்கிட்டு கடைசி வரிசையில உக்காந்துட்டேன். முதல்ல இவன் போனான். நிலத்தடித் தண்ணியைப் பத்தித்தான் பேசப் போறேன்னு வீட்டுல சொல்லியிருந்தான். பேசினான். இன்டர்வியூ எடுக்க உக்காந்திருந்த டிபார்ட்மெண்ட் தலைவர் கொட்டாவி விட்டாரு. அவர் பக்கத்துல இருந்த ஒரு அம்மா கடிகாரத்தைப் பாத்தாங்க. இவனுக்கு வேர்த்து ஊத்துது. கம்ப்யூட்டர்ல எதையோ தேடினான். ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தானே. திடீர்னு திரையில அந்தப் பாறை.

"இந்த மலை மொத்தமா புரண்டு கிடக்கு"ன்னான்.

தலைவர் நிமிந்து உக்காந்தாரு. "பிரமாதம்! இதை யார் கவனிச்சது?"

"நான்தான் சார்."

கடிகாரம் பாத்த அம்மா, "அந்தக் கை யாரோடது?"ன்னு கேட்டாங்க.

"அது... சும்மா அளவுக்கு வெச்சது மேடம்."

நான் திரும்பிப் பாத்தேன். அடுத்து உள்ள போறதுக்காக மருமக கதவோரமா நின்னுட்டு இருந்தா. தன் கையைத்தான் பாத்துட்டு இருந்தா.

அவன் வெளிய வந்ததும் வராண்டாவுல சட்டையைப் பிடிச்சுட்டேன். "டேய், உள்ள போய்ச் சொல்லுடா. இவ கண்டுபிடிச்சதுன்னு சொல்லு."

"அம்மா, கத்தாதீங்க. இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பேருக்கும் கெடைக்காது."

"அவளுது அவளுக்குக் கெடைக்கும்ல?"

"யாருக்குக் கெடச்சா என்னம்மா? ஒரே வீடுதானே?"

அவ பக்கத்துலதான் நின்னா. குட்டி அவ மேல தாவுச்சு. முத்தம் குடுத்துட்டு என்கிட்டயே திருப்பிக் குடுத்தா. அதுக்குள்ள பியூன் கூப்பிட்டுட்டான்.

நல்லாத்தான் ஆரம்பிச்சா. அந்தப் படம் வந்ததும் தலைவர் சிரிச்சுட்டாரு. "என்னம்மா, இப்பதானே உங்க வீட்டுக்காரர் காட்டினாரு? பரீட்சையில அவரைப் பாத்து எழுதுவீங்களோ?" பசங்க எல்லாம் ஓன்னு சிரிச்சாங்க. அவ இவனைப் பாத்தா. இவன் என் பக்கத்துல உக்காந்து, குனிஞ்சு குட்டியோட சாக்ஸைச் சரி பண்ணிட்டு இருந்தான். சாக்ஸ் சரியாத்தான் இருந்துச்சு.

"ஆமா சார்"னா. அடுத்த படத்துக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் பேசினது கடைசி வரிசைக்குக் கேக்கவே இல்ல.

வேலை அவனுக்குத்தான்னு ஒரு வாரத்துல போன் வந்துச்சு. என்னைத் தூக்கிச் சுத்தினான். பெத்த வயிறு, சந்தோஷப்படாமலும் இருக்க முடியல, அவ மொகத்தைப் பாக்கவும் முடியல. அவ கை குடுத்தா, வாழ்த்துச் சொன்னா, எல்லாருக்கும் காபி கூடப் போட்டா. அவன் புது ஊர்ல வீடு பாத்துட்டு வந்து, "உனக்கு எழுதறதுக்குத் தனி ரூமே இருக்கு"ன்னான்.

"நீங்க போங்க. நானும் குட்டியும் வரல"ன்னா.

முதல்ல அவ விளையாட்டாச் சொல்றதா நெனச்சான். அப்புறம் கெஞ்சினான். தலைவர்கிட்ட இப்பவே போன்ல உண்மையைச் சொல்லிடறேன்னு நம்பரைக் கூட எடுத்தான். அவ நிறுத்தச் சொல்லல. அவனே நிறுத்திக்கிட்டான்.

அடுக்களையில நான் மெல்லக் கேட்டேன். "கோவமாம்மா?"

"கோவம் இல்ல அத்தை. 'நான்தான் சார்'னு சொன்னாரு பாருங்க, அந்தக் குரல்ல அவ்வளவு உறுதி. ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். ஒருவேளை அவர்தான் பாத்தாரோ, நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேனோன்னு. அந்த ஒரு நிமிஷத்தை நெனச்சாத்தான் பயமா இருக்கு. அவர் கூடப் போனா தினமும் இப்படி நம்பிட்டே இருப்பேன்."

அவன் என் புள்ளை இல்லையா. அவளும் என் புள்ளைதானே.

சாமான் ஏத்தின வேன் கெளம்பும்போது அவன் முன்னாடி சீட்ல திரும்பாம உக்காந்திருந்தான். தோள் மட்டும் குலுங்குச்சு. குட்டி என் இடுப்புல இருந்து கையை ஆட்டி டாட்டா சொல்லுச்சு. அதுக்கு என்ன தெரியும், எந்த வண்டி போனாலும் டாட்டா காட்டும்.