பிழை பிடிக்கப் போன சனிக்கிழமைகள்

கொட்டாஞ்சேனைச் சபையில் ஒருவரை உதவிக்காரர் என்ற பதவிக்கு எடுப்பதற்கு முன், மூன்று ஞாயிறு அவருடைய பெயரை வாசிப்பார்கள். "இவரில ஆருக்காவது குறை உண்டோ?" என்று பாஸ்டர் யோகராஜ் கேட்பார். மூன்றாம் ஞாயிறும் ஒருவரும் எழும்பாவிட்டால் ஆள் உதவிக்காரர்.

இம்முறை ஒரே ஓர் இடம். வாசிக்கப்பட்ட பெயர் புஷ்பராஜ். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, மருதானையில் ஒரு கராஜில் வேலை, சபைக்கு வந்து மூன்றே வருடம். ஹியூபேட்டோ பதினொரு வருடமாக வெள்ளவத்தையிலிருந்து டை கட்டிக்கொண்டு வருகிறவன். வாசலில் நின்று கைகுலுக்கி வரவேற்பவன் அவன்தான். கைகுலுக்குவதும் ஊழியமே என்பது அவனுடைய கொள்கை. தன் பெயரை எதிர்பார்த்து நாற்காலி நுனியில் இருந்தவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பக்கத்திலிருந்த ஜெயராணி அன்ரி, "நல்ல பிள்ளை. சனிக்கிழமையில தனிய நிண்டு டொய்லெட் எல்லாம் கழுவுறவன்," என்றார். ஹியூபேட்டுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

ஆனால் வழி காட்டியது. தனியே நிற்கிறவன் ஏதாவது பிழை விடாமலா இருப்பான்? இரண்டாம் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, முதல் பஸ்ஸிலேயே வந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

"அண்ணே, வந்துட்டீங்களா? ஆண்டவர்தான் அனுப்பியிருக்காரு," என்று புஷ்பராஜ் தும்புத்தடியை நீட்டினான். "நீங்க அந்தப் பக்கம் தேய்ங்க. நான் தண்ணி ஊத்துறேன்."

வேவு பார்க்க வந்தேன் என்று சொல்லவா முடியும்? தேய்த்தான். அடுத்த சனிக்கிழமையும் புஷ்பராஜ் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்ற, இவன் தேய்த்தான். கை கொப்பளித்ததே தவிர, ஒரு குற்றமும் கிடைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பாஸ்டர் கடைசி முறையாகக் கேட்டார். எழும்பியது புஷ்பராஜ்.

"பாஸ்டர், எனக்குப் பதிலா ஹியூபேட் அண்ணனப் போடுங்க. ரெண்டு கிழமையா வெள்ளவத்தையில இருந்து விடிய வெள்ளன வந்து, யாருக்கும் சொல்லாம டொய்லெட் கழுவுறாரு."

சபை முழுதும் திரும்பிப் பார்த்தது. ஜெயராணி அன்ரி கைக்குட்டையை எடுத்தார். பதவி வீடு தேடி வந்துவிட்டது. தாழ்மையாகத் தலையைக் குனிந்துகொண்டால் போதும், அதில் ஹியூபேட்டுக்கு நல்ல பயிற்சி. ஆனால் குனியுமுன் புஷ்பராஜின் முகத்தைப் பார்த்துவிட்டான். விட்டுக்கொடுத்த கவலை அதில் மருந்துக்கும் இல்லை. பதவியைவிட அந்த முகத்தின் மேல்தான் இப்போது பொறாமை வந்தது.

"பாஸ்டர், நான் கழுவ வரேல்ல," என்றான். "இவரில பிழை பிடிக்க வந்தனான்."

"பிடிச்சீரோ?"

"இல்ல. பாட்டு மட்டும் சுருதி சேரேல்ல. வேற ஒண்டுமில்ல."

ஜெயராணி அன்ரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். புஷ்பராஜ் உதவிக்காரரானான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் ஹியூபேட்டை விட்டு விலகிப் போக, புஷ்பராஜ் மட்டும் நேரே வந்தான்.

"அண்ணே, அப்ப இந்தச் சனிக்கிழமை வரமாட்டீங்களா?"

"நீர் எத்தினை மணிக்கு வருவீர்?"

"ஆறு மணிக்கு."

ஹியூபேட் தலையாட்டினான். ஐந்தரைக்கே வந்து முழுவதையும் கழுவி முடித்துவிடுவது என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டான். ஒரு தடவையாவது இவனை முந்தவேண்டும்.