டின்னில் ஒட்டியிருந்த நேரம்

1

இந்தக் கதை பாசத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. கையில் சரக்கு தீர்ந்துபோனதில் பிறந்தது. ஒரு பத்திரிகைக்குக் கதை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வாரமாக வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள்.

அவள் ஒரு தச்சுப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறாள். கதவு, சன்னல், அலமாரி, கைப்பிடிக் கட்டை, எதுவானாலும் ஸ்பிரே கன்னால். பதினோரு வருஷமாக. "வேலை எப்படிப் போகுது?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் கேட்டேன்.

"என் வேலையா? எதுக்குண்ணா?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

"நாளைக்குப் பட்டறைக்கே வந்துடேன். பதினொரு மணிக்கு வா. எல்லாத்தையும் காட்டுறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் என்னைக் கூச வைத்தது.

[‘சும்மாதான்’ என்றது பொய். இந்தக் கதையில் முதல் பொய். இதோடு நிற்கவில்லை, எண்ணிக்கொண்டே வாருங்கள்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘பட்டறையின் தகரக் கூரைமேல் வெயில்—’

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

‘பெயிண்ட் படிந்த அவள் விரல்கள்—’

இதுவும் வேண்டாம். "கையுறை போட்டுத்தான் அடிக்கிறேன், கண்ணு தெரியலையா?" என்பாள்.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை நான் போனபோது அவள் ஒரு டின்னைத் தராசில் வைத்துக் கலக்கி முடித்திருந்தாள். அன்றைய வேலை ஐந்து கைப்பிடிக் கட்டைகளுக்குக் கடைசிப் பூச்சு. ஒவ்வொன்றும் நாலு மீட்டர், வெளிர் பச்சை. பக்கவாதம் வந்தவர்களும் கால் முறிந்தவர்களும் திரும்ப நடக்கப் பழகும் ஒரு கூடத்துச் சுவரில் மாட்டப் போவது. ஏழு நாள் காய்ந்து முழு உறுதி வந்ததும், அடுத்த திங்கள் காலையில் வண்டி ஏற வேண்டும்.

"தண்ணி பெயிண்ட் மரத்துக்கு லாயக்கில்லைன்னு நிறையப் பேர் சொல்வாங்கண்ணா. கை வேர்வை பட்டுப் பட்டுப் பிசுபிசுத்துடும்னு. இறுக வைக்கிற ஹார்டனர் சேர்த்துட்டா அந்தப் பேச்சே கிடையாது. பத்துக்கு ஒண்ணு. எடை போட்டுத்தான். கண்ணளவு ஆகாது."

"ரெண்டா ஊத்தினா இன்னும் உறுதியாகுமே?"

"சமையல்ல உப்பை ரெண்டு மடங்கு போட்டா ருசி ரெண்டு மடங்காகுமா? கேக்குறான் பாரு கேள்வி."

வெயில் நாளில் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக நின்றுவிடுமாம். அதற்கு ரிடார்டர் என்று ஒன்று, நூற்றுக்கு மூன்று. "ஆனா இது மரத்துமேல காயறதைத்தான் தள்ளிப் போடும். டின்னுக்குள்ள ஓடுற நேரத்தைத் தள்ளிப் போடாது" என்றாள். ஹார்டனர் கலந்த பெயிண்டுக்கு ஆயுசு இரண்டு மணி நேரம். வேறு வகைப் பெயிண்ட் என்றால் நேரம் தாண்டியதும் கெட்டியாகி ‘நான் செத்துட்டேன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தண்ணி பெயிண்ட் காட்டாது. பால்போலவே இருக்கும். அடிக்கவும் வரும், பளபளக்கவும் செய்யும். உறுதி மட்டும் வராது. அது தெரிய ஒரு மாசம் ஆகும்.

"அதனாலதான் இது" என்று டின்னைத் திருப்பிக் காட்டினாள். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில், கலந்த நேரத்தைப் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தாள். "மனசுல வெச்சா மறந்துடும். ஒட்டி வெச்சா மறக்காது."

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பொறுப்பான ஒருத்தியை நீங்கள் நம்புவீர்களா? கதாபாத்திரத்துக்குக் குறை வேண்டும் என்பார்கள். கவலைப்படாதீர்கள், என் தங்கைக்கு நிறைய இருக்கிறது. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். பழசை மறக்கவே மாட்டாள். அவள் ஆறாவது படிக்கும்போது அவளுடைய காம்பஸை நான் எடுத்துப் போய்ப் பரீட்சையன்று தொலைத்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். "எடுத்தா எடுத்த இடத்துல வைக்கிறதில்ல, அதான் இவன்கிட்ட உள்ள வியாதி" என்பாள் அம்மா.*

*இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காகத்தான் முதலில் சேர்த்தேன்.

இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். பட்டறை முதலாளி. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை ‘மில்லிமீட்டர்’ என்பார்கள். தாமதமாக வந்தவனிடம், "இன்னைக்கு நாலு மில்லிமீட்டர் தள்ளி வந்திருக்க" என்கிற ஆள். பெயிண்ட் அறைச் சாவியை இத்தனை வருஷமும் தன் இடுப்பிலேயே வைத்திருக்கிறவர். இந்தக் கைப்பிடி வேலையை மட்டும் முழுக்க என் தங்கையிடம் விட்டிருக்கிறார். "இது சரியாப் போய்ச் சேரட்டும்மா. அப்புறம் சாவி உன்கிட்ட" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

4

திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

என் முன்னாலேயே மூன்று கட்டைகளை அடித்து முடித்தாள். அப்புறம் வெளியே உட்கார்ந்து டீ குடித்தோம். நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். கையை ஆட்டி ஆட்டி, எழுந்து நின்று, தரையில் குச்சியால் படம் போட்டு. கேட்க ஆள் கிடைத்துவிட்டான் என்ற குஷி. நடுவில் ஒருதரம், "போரடிக்குதாண்ணா?" என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்ப உள்ளே போனபோது சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டரை. அவள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேப் எங்க? விழுந்துடுச்சா... நீ வந்தப்போதானே கலந்து முடிச்சேன். பதினொண்ணுக்குத்தானே வந்த?"

நான் ‘ஆரஞ்சுத் தோல்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "ம்" என்றேன்.

"அப்போ இன்னும் அரை மணி இருக்கு."

நாலாவதையும் ஐந்தாவதையும் அடித்தாள். அழகாக வந்தது.

இதை எழுதும் இந்த நிமிஷத்தில், ‘ஆரஞ்சுத் தோல்’ என்று எப்படி எழுதியிருந்தேன் என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். பக்கத்தின் மூலையில் மாஸ்கிங் டேப் ஒன்று ஒட்டியிருக்கிறது. பென்சில் எழுத்து. 10.05.

ஐயோ.

ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஸ்பிரே கன்னைக் கழுவப் போனபோது நான்தான் உரித்தேன். அந்தக் குண்டு குண்டு எழுத்து, சின்ன வயசில் இருந்த மாதிரியே இருந்தது. கதைக்கு ஆகும் என்று நினைத்தேன். அன்றைக்குப் பேருந்து சீக்கிரமே வந்துவிட்டது, நானும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. பத்து ஐந்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு ஐந்துக்கே அந்தப் பெயிண்ட் செத்துவிட்டது. அவள் அடித்தது பன்னிரண்டரைக்கு மேல்.

5

முடிவு, அ: அண்ணன் டேப்பைக் கசக்கி எறிகிறான். கட்டைகள் போகின்றன. ஒரு மாசம் கழித்து யாரோ ஒருவர் காலையில் கைப்பிடியைப் பிடிக்க, உள்ளங்கையில் பச்சை ஒட்டுகிறது. மில்லிமீட்டர் சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொள்கிறார். எங்கே தவறியது என்று கடைசிவரை தெரியாமல் தங்கை தராசையே பார்த்துக்கொண்டு

(போதும். இதை எழுதக் கை வரவில்லை.)

முடிவு, ஆ: அண்ணன் சொல்லிவிடுகிறான். தங்கை சிரிக்கிறாள். மில்லிமீட்டர் அவள் நேர்மையை மெச்சி அங்கேயே சாவியைக் கொடுக்கிறார்.

(மில்லிமீட்டரை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

முடிவு, இ: அரை மணி தாண்டியதெல்லாம் ஒரு தாண்டலா? ஒன்றும் ஆகாது. யார் கண்டது, அந்தக் கட்டைகள் இன்னும் முப்பது வருஷம்

(இது முடிவு இல்லை. என் வசதி.)

6

நாலாம் பகுதியில் ‘இந்த நிமிஷத்தில்’ என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். டேப்பை நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை காலையில். இன்று சனி.

செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அது நிஜம். அடுத்த நிமிஷமே, ‘அடடா, கதை கிடைச்சாச்சு’ என்று தோன்றியது. அதுவும் நிஜம். போனைக் கையில் எடுத்தேன். சொல்லிவிட்டால் அவள் உடனே சரிசெய்துவிடுவாள், அப்புறம் கதையில் என்ன மிஞ்சும்? முதலில் எழுதிவிடுவோம் என்று போனைக் கீழே வைத்தேன். புதன் எழுதினேன். வியாழன் எழுதினேன். வெள்ளிக்கிழமை காலையில் முழுக்க ஒரு பத்தியை அடித்தடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால், தேய்த்து, புதுசாகக் கலந்து, அன்றே அடித்திருப்பாள். ஆறு நாளாவது காய்ந்திருக்கும். இப்போது மீதி இருப்பது இரண்டு நாள்.

7

போன் பண்ணினேன். பின்னணியில் ஸ்பிரே கன்னுக்குக் காற்றுத் தள்ளும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணா, கதை முடிஞ்சுதா?"

"அன்னைக்கு டின்ல ஒட்டின டேப் என்கிட்டதான் இருக்கு. பத்து அஞ்சுன்னு போட்டிருக்கு."

கம்ப்ரஸர் நின்றது.

"பத்து அஞ்சா?" விரல் விட்டு எண்ணுகிறாள் என்று தெரிந்தது. "அப்போ நாலாவதும் அஞ்சாவதும்."

"ஆமா."

"எடுத்த இடத்துல வைக்கவே மாட்டியாடா நீ?" கத்தினாள். ஏதோ தகரச் சாமான் போய் விழுந்த சத்தம். பிறகு குரல் இறங்கியது. "ஒருத்தர் அந்தக் கட்டையை நம்பித்தான் முதல் அடி எடுத்து வெப்பாரு. பிசுபிசுன்னு இருந்தா கையை எடுத்துடுவாருண்ணா. எடுத்தா விழுந்துடுவாரு."

"நான் வந்து மில்லிமீட்டர்கிட்ட சொல்றேன். என் தப்புன்னு."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். டேப் இல்லைன்னா அந்த டின்னைக் கொட்டியிருக்கணும். உன்னைக் கேட்டு நேரம் வெச்சேன் பாரு, அது என் தப்பு. நானே சொல்லிக்கிறேன். ரெண்டு கட்டை ஒரு வாரம் கழிச்சு வரும்னு அந்தக் கூடத்துக்கும் அவர்தான் சொல்லணும்."

"சாவி?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்:

"எப்போண்ணா பார்த்த இதை?"

"வந்து சொல்றேன்" என்றேன்.

"சரி, வா. பழைய சட்டை போட்டுக்கிட்டு வா, ரெண்டையும் தேய்க்க ஆள் வேணும். அந்தக் கதையையும் எடுத்துட்டு வா. நீ எழுதுனது எதையும் நான் படிச்சதில்ல. இது என் வேலையைப் பத்தினது. படிக்கிறேன்."

பழைய சட்டை போட்டுக்கொண்டுவிட்டேன். டேப்பைப் பத்திரமாக உரித்துச் சட்டைப்பையில் வைத்தாயிற்று. தாள்களை அடுக்கிப் பையில் வைக்கும்போதுதான் கவனித்தேன்: ஆறாம் பகுதி தனித் தாளில் இருக்கிறது. அதை உருவிவிட்டு, இந்த ஏழாம் பகுதியை அவள் பேச்சோடு நிறுத்தி, ஆறு என்று திருத்தினால் போதும். கதை ஓட்டை தெரியாமல் சேர்ந்துகொள்ளும். ‘இப்பத்தான் பார்த்தேன்’ என்று நான் வாய் திறந்துகூடச் சொல்ல வேண்டியதில்லை. நாலாம் பகுதியே சொல்லிவிடும். அவளும் நம்புவாள். பதினொன்றுக்குத்தான் வந்தேன் என்றதை நம்பினாளே.

உங்கள் பிரதியில் ஆறாம் பகுதி இருக்கிறது, படித்துவிட்டீர்கள். அவள் கையில் கொடுக்கப் போகும் தாள்களில் அது இருக்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியவில்லை. பேருந்து வர இன்னும் பத்து நிமிஷம். மற்ற தாள்களெல்லாம் பைக்குள் போய்விட்டன. அந்த ஒன்று மட்டும் மேசைமேல் கிடக்கிறது.