நாற்பத்தெட்டுத் தாள்கள்

அக்கா புருஷன், என் மாமா, பஸ் கண்டக்டர். ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. நான் வேலை பார்ப்பது செயற்கைப் பாதம் செய்யும் பட்டறையில். ஒரு வருடக் காத்திருப்புக்குப் பிறகு அவர் முறை வந்தபோது, நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். அந்த வாயை அன்றே தைத்திருக்கலாம்.

ஒரு பாதத்துக்கு நாற்பத்தெட்டு அடுக்கு கார்பன் துணி. ஒவ்வொன்றின் முதுகிலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உரித்து ஆணியில் குத்திவிட்டுத்தான் துணியை அடுக்க வேண்டும். சூளைக்கு அனுப்புமுன் தாள்களை எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் அது உள்ளே மாட்டிக்கொண்டது என்று பொருள்; ஒட்டிய அடுக்கைப் பிரித்துத் தேடவும் முடியாது. பாதம் குப்பைக்கு, ஆள் வரிசையின் கடைசிக்கு. துணி ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் வரும்.

அன்று நாற்பத்தேழுதான் இருந்தது. மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன். ஃபேன் காற்றில் பறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குப்பைக்கூடையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து ஆணியில் குத்தி, நாற்பத்தெட்டு என்று கையெழுத்துப் போட்டேன்.

மாமா மறுபடி வேலைக்குப் போனார். "எனக்கும் ஸ்டெப்னி மாட்டியாச்சு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சிரித்தார். இரண்டாவது மாதம், படி ஏறினால் நறநறவென்கிறது என்றார். கழற்றச் சொல்லி நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கணீரென்றது, கணுக்கால் வளைவில் மட்டும் மொத்தென்றது. ஒட்டியிருக்கும்வரைதான் நாற்பத்தெட்டும் ஒரே கட்டை. தாள் புகுந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு அடிக்கும் பிளவு கொஞ்சம் நீளும். திரும்ப ஒட்டவைக்க வழியே கிடையாது.

ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேற கால் கிடைக்குமா?" என்றார் மாமா.

"மறுபடி வரிசைதான் மாமா. ஒரு வருஷம் ஆகும்."

"இந்தத் தடவை வேலையில வச்சிருக்க மாட்டாங்க. இது எவ்வளவு நாள் தாங்கும்?"

"தெரியல. நாளைக்கே உடையலாம். போடாதீங்க மாமா."

அவர் பாதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முன்னபின்ன தெரியாத யாராவது செஞ்சிருந்தா, அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பாங்கல்ல?"

"ஆமா மாமா."

அவர் பாதத்தை மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.