பெருசு நின்ற இடம்

பூட்டுத் தொழிற்சாலையில் எல்லாரும் அவளைச் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, கோத்து வரும் பூட்டுகளைச் சாவி போட்டுத் திறந்து பார்ப்பது அவள் வேலை. இப்போது அந்த லைனுக்கே சூப்பர்வைசர். பெயர் மட்டும் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் இதே ஆட்களை வைத்துக் கூடுதல் பூட்டு இறக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டு கோக்கும் வேலையை வெளியே கான்ட்ராக்டுக்கு விட்டுவிடுவார், லைனில் இருக்கும் பெண்களெல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்காக ஒரு என்ஜினீயர் பெண்ணையும் அனுப்பி வைத்தார். லீன் என்று ஏதோ ஒரு முறை. வந்தவள் யாரையும் விரட்டவில்லை, அதட்டவில்லை. "வேகமா வேலை செய்ய வேணாம்க்கா. வீணா நடக்காம இருந்தாலே போதும்" என்றாள். சாவி அக்காவுக்கு அவளைப் பிடித்துப் போனது. எத்தனை பெரிய மனிதர்கள் வந்து 'கையை ஆட்டுங்க, கையை ஆட்டுங்க' என்று கழுத்தறுத்திருக்கிறார்கள்!

என்ஜினீயர் பெண் ஷெட்டின் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, யார் எங்கே நடந்தாலும் அந்த வழியில் ஒரு கலர் நூலை இழுத்துக் கட்டினாள். சாயங்காலம் பார்த்தால் பலகை முழுக்க நூல் சிக்கல். நடுவில் மட்டும் கட்டில் அகலத்துக்கு ஒரு சதுரம், ஒரு நூல்கூடப் படாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையே" என்றாள் ரிவிட் அடிக்கிறவள்.

"அப்போ ஏன் எல்லாரும் சுத்திக்கிட்டுப் போறீங்க?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு காலத்தில் பூட்டுக்குத் தகடு வெட்டும் பழைய பிரஸ் மெஷின் நின்றது. பெருசு என்று பெயர். காயலான் கடைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் பழைய ஆட்கள் அது இருப்பதாகவே நினைத்து வளைந்து நடந்தார்கள், அவர்களைப் பார்த்துப் புதிய பெண்களும் வளைந்தார்கள். இல்லாத மெஷினுக்கு ஊரே வழி விட்டுக்கொண்டிருந்தது! ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

சாவி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெருசை ஓட்டியது அவள் வீட்டுக்காரர்.

"ரிவிட் மேசையையும் சாவி மேசையையும் இங்க சேர்த்துப் போட்டா பாதி நடை மிச்சம். வேற இடமும் இல்லக்கா" என்றாள் என்ஜினீயர் பெண்.

"அங்க தரை சரியில்ல. ஈரம் ஏறும்" என்றாள் சாவி அக்கா. பச்சைப் பொய். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த மனிதரிடம் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறைதான், அது பெரிய குறை. புதிய ஷெட்டுக்குப் புதிய பிரஸ் வந்தபோது முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சம்பளம் கூட, வேலை சுளுவு, தலைக்கு மேல் ஃபேன் வேறு. மாட்டேன் என்றுவிட்டார். "பெருசு என் கைக்குப் பழகிடுச்சு" என்பதோடு சரி. அவள் கத்தினாள், அழுதாள், நாள்கணக்கில் பேசாமல் இருந்தாள். கல்லுளிமங்கன் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் இன்னும் சுமந்துகொண்டிருந்தாள்.

ஆனால் நல்ல மனிதர். ஒருமுறை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்தவள் திரும்புவதற்குள் ஷெட்டின் நடுவிலிருந்து அவர் ஓடி வந்து தாங்கிப் பிடித்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "பூட்டு கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு" என்றார். பெருசு ஓடும்போது இடி விழுந்தாலே கேட்காது.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் அந்தச் சதுரத்தின் ஓரத்தில் போய் நின்றாள். அவள் பிடிவாதத்துக்காக அத்தனை பெண்களின் வயிற்றில் அடிக்க முடியாது, அது அவளுக்குத் தெரியும். காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அறுத்த போல்ட்டுகளின் அடிக்கட்டைகள் தரையோடு தரையாக இருந்தன. பக்கத்தில் வழவழவென்று ஒரு குழிவு. அவர் பாதம் ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் தன் பாதத்தை வைத்துப் பார்த்தாள். அவள் பாதத்துக்கு அது பெரிதாக இருந்தது.

நிமிர்ந்தாள்.

இரண்டு தூண்களுக்கும் நடுவே நேர் எதிரே ஜன்னல், ஜன்னலடியில் அவளுடைய பழைய ஸ்டூல். ஒரு அடி நகர்ந்து பார்த்தாள், தூண் மறைத்தது. அந்தப் பக்கம் நகர்ந்தாள், அலமாரி மறைத்தது. குழிவில் நின்றால் மட்டும் தெரிந்தது. புதிய ஷெட்டிலிருந்து எதுவுமே தெரியாது.

வீட்டில் தினமும் பார்க்கிற முகம்தானே! அதற்காகவா ஃபேனை விட்டார், சம்பளத்தை விட்டார், அவளிடம் அத்தனை பேச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டார்?

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே மனுஷா" என்றாள் வாய்விட்டு. நின்ற இடத்திலேயே அழுதாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்த என்ஜினீயர் பெண் தயங்கி நின்றாள். "அக்கா, ஈரம்னு சொன்னீங்களே..."

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேசையை இங்கயே போடு. ஆனா இப்படி, ஜன்னலைப் பார்த்த மாதிரி போடணும். அந்த ஸ்டூல் அங்கயே இருக்கட்டும்."

"அதுல நேரம் ஏதாவது மிச்சமாகுமாக்கா?"

"ஆகாது."

என்ஜினீயர் பெண் சாக்பீஸை எடுத்துச் சாவி அக்கா காட்டிய பக்கமாகவே கோடு போட்டாள்.

மறுநாள் காலையில் சாவி அக்கா இடம் மாற்றிப் போட்ட மேசைக்கருகில், அந்தக் குழிவில் கால் வைத்து நின்றாள். தட்டுகளோடு வந்த பெண்கள் பழக்கதோஷத்தில் வழக்கம்போல ஒதுங்கி வளைந்தார்கள்.

"நேரா வாங்கடி" என்று கத்தினாள். "இங்க பெருசு இல்ல, நான்தான் நிக்கிறேன்."